துளை மெஷின்காரி நாச்சம்மாள்

சென்னியப்பன் மரக்கடையில் நாச்சம்மாளுக்கு முதல் ஒன்பது வருஷம் தலைச்சுமை வேலைதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையில் இருந்தது அந்தக் கடை. பெயர்தான் கடை. பின்னால் போனால் ரம்பம் ஓடுகிற கொட்டகை, இழைக்கிற கொட்டகை, சட்டங்களைச் சேர்த்துக் கதவு ஜன்னல் பூட்டுகிற கொட்டகை என்று வரிசையாக மூன்று கொட்டகைகள். ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்கு மரம் கொண்டுபோவது நாச்சம்மாளும் மருதாத்தாளும். காலை எட்டு மணிக்குச் சும்மாட்டைத் தலையில் வைத்தால் மாலை ஐந்தரை வரை கழுத்துக்கு ஓய்வு கிடையாது.

நீளச் சட்டத்தைத் தலையில் வைக்க ஒரு முறை இருக்கிறது. மரத்தின் அடிப்பக்கம் எப்போதும் கனம். சட்டத்தின் நட்டநடுவைத் தலையில் வைத்தால் அடிப்பக்கம் சாய்ந்துவிடும். நடுவிலிருந்து நாலு விரல் அடிப்பக்கமாகத் தள்ளி வைத்தால் தராசு முள் போல நிற்கும். அடி முன்னால், நுனி பின்னால், ஒரு கை முன்பக்கத்தைத் தொட்டபடி நடக்க வேண்டும். நாச்சம்மாளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு நாள் கழுத்து வலித்தது, மூன்றாம் நாள் கழுத்தே கற்றுக்கொண்டது.

பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அவள் ஒரு வார்த்தை பேசுவாள். மீதி ஒன்பதையும் அவளுக்கும் சேர்த்து மருதாத்தாள் பேசிவிடுவாள். ஆசாரிமார் ஏதாவது கேலி பேசினால் நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையைக் கட்டுவாள். ஆனால் கண் சும்மா இருக்காது. எந்த ஆசாரி உளியை எந்தக் கல்லில் தீட்டுகிறான், எந்த மரம் இழைப்புளிக்கு எதிர்த்து நிற்கிறது, எவன் துளைக்குள் செருகுகிற கழுந்தை இறுக்கமாகச் செதுக்குகிறான், எவன் இடைவெளி விட்டுவிட்டு ஆப்பு அடித்து மறைக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

1974ஆம் வருஷம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். கோயமுத்தூரிலிருந்து லாரியில் துளை மெஷின் வந்து இறங்கியது. ஆள் உயரத்துக்கு வார்ப்பிரும்பு. எட்டுப் பேர் உருளைக் கட்டை போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் இழைக்கிற கொட்டகையின் மூலையில் நிறுத்தினார்கள்.

கதவு செய்கிற வேலையில் பாதி துளை போடுகிற வேலைதான். கதவின் இரண்டு பக்கமும் நிற்கிற நெட்டுச் சட்டங்களில் செவ்வகத் துளை போட வேண்டும். குறுக்குச் சட்டங்களின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அந்தத் துளைக்குள் செருக வேண்டும். உளியும் கொட்டாப்புளியுமாக ஓர் ஆசாரி உட்கார்ந்தால் ஒரு கதவுக்கான துளைகளுக்கு முக்கால் நாள் போய்விடும். இந்த மெஷினில் உள்ளே கூடான சதுர உளி ஒன்று தலைகீழாகத் தொங்கும். அந்தக் கூட்டுக்குள் ஒரு துளைப்பிட்டு சுற்றும். நீளக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் பிட்டு குடைந்துகொண்டே போகும், கூடவே உளி இறங்கி நாலு மூலையையும் வெட்டும். சுற்றுகிற ஒன்று சதுரமாகத் துளை போடுவதை முதல் நாள் பார்த்தபோது நாச்சம்மாளுக்குத் தலையில் சட்டம் இருப்பதே மறந்துபோயிற்று. மருதாத்தாள் பின்னாலிருந்து, "நடடி, என்ற கழுத்து ஒடியறது தெரியலியா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் கால் நகர்ந்தது.

மெஷினோடு பாஸ்கல் என்று ஓர் ஆள் வந்தான். கோயமுத்தூர்க்காரன், கால்சட்டை போட்டவன், கெட்டிக்காரன். தொழிலை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். உளியையும் பிட்டையும் மாட்டும்போது ஆசாரிமார் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்வான். அவன் முகம் இருந்த பக்கத்தில் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாச்சம்மாள் நிற்பாள். சுமைக்காரியிடம் எதை மறைப்பது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். உளியை மாட்டுகிற இடத்தில் ஓர் ஐந்து பைசா காசை இடையில் செருகி, பிட்டை உளியின் வாய் வரை ஏற்றி முடுக்குவான். பிறகு காசை உருவிவிட்டு உளியை மேலே தள்ளி முடுக்குவான். அப்போது பிட்டின் நுனி உளியைவிடக் காசின் கனத்துக்குக் கீழே நிற்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் இரும்பும் இரும்பும் உரசும், கீச்சென்று அலறும், உளி நீலம் பாரித்துப் போகும். இதை அவள் முப்பது தடவையாவது பார்த்திருப்பாள்.

நாற்பது நாளில் பாஸ்கலுக்கு ஊரிலேயே மில் வேலை கிடைத்தது, போய்விட்டான். மெஷினுக்குச் சாக்கைப் போர்த்தி வைத்தார்கள். ஆசாரிமார் யாரும் கிட்டே போகவில்லை. தலைமை ஆசாரி பொங்கியண்ணன் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் காற்றில் ஆட்டி, கைப்பிடியைப் பிடித்து இழுக்கிற வேலை ஊர்க்கிணற்றடியில் நிறைய இருக்கிறது, அதற்கு ஆசாரி எதற்கு என்று சொல்லிவிட்டார். முதலாளி சென்னியப்பனே ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினை ஓட்டிப் பார்த்தார். அது அலறியது. மரம் கருகிப் புகைந்தது. மறுபடியும் மாட்டினார், மறுபடியும் அலறியது.

நாச்சம்மாள் அப்போது கூளம் அள்ளிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் நிற்பவர் முதலாளி என்பதையும் மறந்து, உள்ளே இருக்கிறது ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. சென்னியப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரிஞ்சா வந்து பண்ணு பாக்கலாம்."

சுருக்குப் பையிலிருந்து ஐந்து பைசாவை எடுத்தாள். உளியை இறக்கி, காசை வைத்து, பிட்டை ஏற்றி முடுக்கி, காசை உருவிவிட்டு உளியை மேலே தள்ளி முடுக்கினாள். கைப்பிடியை இழுத்ததும் மெஷின் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. சுருள் சுருளாகச் சூடான மரத்தூள் உளியின் பக்கவாட்டு வாயிலிருந்து அவள் முழங்கையில் கொட்டியது. துளையின் நாலு மூலையும் சொல்லி வைத்தாற்போல் இருந்தது.

ஆள் கிடைக்கிற வரைக்கும் நீயே நில்லு என்று சென்னியப்பன் சொன்னார். அன்றே பாஸ்கலுக்கு ஒரு கார்டும் எழுதினார், நல்ல ஆளாகப் பார்த்து அனுப்பி வை என்று.

அந்த "வரைக்கும்" என்ற சொல் நாச்சம்மாளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மெஷின் முன்னால் நின்ற முதல் வாரமே அவளுக்கு ஒன்று தெரிந்துபோயிற்று, இனித் திரும்பிப் போய்ச் சும்மாடு வைக்க முடியாது என்பது. முடியாது என்றால் கழுத்து முடியாது என்று அர்த்தமில்லை. காலையில் வந்து எண்ணெய்த் துணியால் மெஷினைத் துடைப்பாள். ஆசாரிமார் கோடு கிழித்துத் தந்த சட்டத்தை மேசையில் வைத்து, அடிப்பக்க முனையை இரும்பு முட்டில் சேர்த்து, பிடியை முடுக்கி இழுப்பாள். ஒரு நாளைக்கு ஆறு கதவுக்கான துளைகள். கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை போகாது. வீட்டுக்குப் போனால் அவள் புருஷன் மாரப்பன், மரக்கடைக்கு மாட்டு வண்டி ஓட்டுகிறவன், தவறாமல் கேலி செய்வான்: "மெஷின்காரியம்மா ஊட்டுல இன்னைக்குச் சோறு கெடைக்குமுங்களா?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். கேலியில் அவனுக்கு எவ்வளவு பெருமை என்பது அவளுக்குத் தெரியாதா?

தபால்காரர் சைக்கிள் வாசலில் நிற்கும்போதெல்லாம் மட்டும் அவள் கை ஒரு நிமிஷம் தாமதிக்கும்.

பங்குனியில் பெரிய வேலை ஒன்று வந்தது. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கப் புதிதாக வரிசை வரிசையாய் லைன் வீடுகள் கட்டுகிறார்கள். முப்பத்திரண்டு கதவு, முப்பத்திரண்டு ஜன்னல், எல்லாம் ஆஞ்சிலி மரத்தில். சனிக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று சென்னியப்பன் ஒரு புது ஏற்பாடு செய்தார். முன்பெல்லாம் துளை போட்டுக் கதவைப் பூட்டிய பிறகுதான் சட்டத்தின் இரண்டு தலையையும் அறுத்துச் சமன் செய்வார்கள். இப்போது எல்லாச் சட்டமும் ஒரே நீளத்தில் இருந்தால் மெஷினின் முட்டில் வைத்து வைத்து எடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் கோடு கிழிக்க வேண்டியதில்லை. அதனால் தலைகளை முதலிலேயே அறுக்கச் சொல்லிவிட்டார். வேலை பறந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பது நெட்டுச் சட்டங்களுக்குத் துளை முடிந்தது.

அன்று மருதாத்தாள் மதியத்தோடு அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். அவள் எப்போதும் நாலு நாலு சட்டமாகச் சேர்த்துக் கட்டித்தான் தூக்குவாள். துளை போட்ட சட்டங்களைப் பூட்டுகிற கொட்டகைக்கு எடுத்துப் போக ஆளில்லாததால், நாச்சம்மாளே பழைய சும்மாட்டைத் தேடி எடுத்தாள். ஒற்றைச் சட்டமாகத் தலையில் வைத்தாள். கதவின் கீழ்ப்பக்கம் அகலக் குறுக்குச் சட்டம் வரும், அதற்கு அடுத்தடுத்து இரண்டு துளை இருக்கும். அந்த இரட்டைத் துளைப் பக்கத்தை, அதாவது அடிப்பக்கத்தை, முன்னால் வைத்துக்கொண்டு நடந்தாள். முதல் சட்டம் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது சட்டம் பின்பக்கமாகச் சாய்ந்தது.

சும்மாடு நகர்ந்திருக்கும் என்று சரிசெய்துகொண்டாள். மறுபடியும் சாய்ந்தது. திருப்பி வைத்தாள். அசையாமல் நின்றது.

சட்டத்தை இறக்கி, அதன் இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படித்தான் வீட்டிலும் நிற்க வேண்டும். நிலையானாலும் கதவானாலும் அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக நிற்கிற மரம் குடியை வாழ விடாது என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். அதனால்தான் ரம்பத்தில் அறுக்கும்போதே அடிமுனையில் செங்காவிப் பொட்டு வைத்துவிடுவார்கள். இப்போது தலைகளை முதலில் அறுத்ததில் பொட்டு துண்டோடு கூளத்துக்குப் போய்விட்டது. ஒரு தலையை அறுத்து, திருப்பிப் போட்டு மறு தலையை அறுத்தவர்கள் எதைத் திருப்பினார்கள், எதைத் திருப்பவில்லை என்பதை யார் கண்டார்கள்? வந்தபடியே முட்டில் வைத்து அவள் துளை போட்டிருக்கிறாள்.

நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பதினைந்து தலைகீழ்.

வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நாலு பக்கமும் இழைத்தது, இரண்டு தலையும் அறுத்தது. தோட்டத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து மாட்டிவிடுவார்கள். சொன்னால் மெஷின் போகும். ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று நிற்கிறவள் செய்த தப்புக்குப் பிறகு எந்த முதலாளி காத்திருப்பார்? பதினைந்து சட்டங்களையும் தனியாக அடுக்கிவிட்டு, அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பொங்கியண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"ஆசாரியண்ணா, பதனஞ்சு சட்டம் தலைகீழாப் போட்டுட்டனுங்க."

பொங்கியண்ணன் இழைப்புளியைக் கீழே வைத்தார். "அதெப்படி உனக்குத் தெரியும் அம்மிணி? பொட்டும் இல்ல, பட்டையும் இல்ல. எனக்கே பாத்தாத் தெரியாது."

"தூக்குனாத் தெரியுதுங்க."

மற்ற ஆசாரிமார் சிரித்தார்கள். ஒருவன், மெஷினோடு சேர்த்துத் தராசுக்கடையும் வைத்துவிட்டார் முதலாளி என்றான். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. நாற்பது சட்டங்களையும் அவரே கலைத்துப் போட்டார். துளையைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று அவள் கண்ணைத் துண்டால் கட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து அவள் தலையில் வைத்தார். அவள் ஒரு தரம் கழுத்தை அசைத்து, இந்தப் பக்கம் அடி என்று கை காட்டுவாள். அவர் சட்டத்தை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, மரத்தின் வரி ஓட்டத்தைப் பார்ப்பார். மரத்தின் வரிகள் தீக்கொழுந்து போல் கூம்பி நிற்கும், கூம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் நுனி. ஈரத்தில் மட்டும் அது கொஞ்சம் கண்ணுக்குப் படும்.

ஏழு சட்டத்துக்கு அவள் காட்டியது சரியாக இருந்தது. எட்டாவதில் அவர், இல்லை, இது மாறிப்போச்சு என்றார். அவள் மறுபடியும் தலையில் வாங்கி அசைத்துப் பார்த்துவிட்டு அதே பக்கத்தைத்தான் காட்டினாள். பொங்கியண்ணன் அந்தச் சட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கணு இருந்தது. கிளை எப்போதும் மேல்நோக்கித்தான் கிளம்பும், கணுவின் சாய்வும் நுனியைத்தான் காட்டும். விரல் நகத்தால் அந்தக் கணுவை ஒரு தரம் தடவினார். ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். மீதி முப்பத்திரண்டு சட்டங்களுக்கும் அவர் துணியைத் தொடவில்லை. அவள் கை காட்டியதையே பென்சிலால் குறித்துக்கொண்டு போனார்.

சென்னியப்பன் வந்தபோது சட்டங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. விஷயத்தைப் பொங்கியண்ணன் சொன்னார். சென்னியப்பனுக்கு முகம் கறுத்தது. தலையை முதலில் அறுக்கச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை லாரி வருகிறது, பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியப் போகிறது, பேசாமல் பூட்டிவிடுங்கள் என்றார்.

நாச்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அங்க குடியிருக்கறவங்களும் சொமக்கறவங்கதானுங்க மொதலாளி. தூக்குனாக்கா அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

அவள் தலைகீழ்ச் சட்டம் ஒன்றை எடுத்து மேசைமேல் கிடத்தினாள். கதவின் நடுக் குறுக்குச் சட்டத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு துளை உண்டு, நடுவில் மூன்று விரல் கட்டை. அந்தக் கட்டையில் சாக்குக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். இங்கே அறுத்தால் மேல்துண்டுக்கு இரண்டு முனையிலும் துளை தயாராக இருக்கிறது, ஜன்னலுக்கு ஆகும், ஜன்னலில் மேலும் கீழும் ஒரே அளவு, திருப்பி அடியைக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஜன்னலுக்கென்று இரண்டு இரண்டாக அறுக்க வைத்திருக்கிற முழுச் சட்டங்களைக் கதவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை.

பொங்கியண்ணன் நாடாவை எடுத்து அளந்தார். ஜன்னல் சட்டத்துக்கு வேண்டியதைவிட அரை அங்குலம் கூடவே இருந்தது. புதிதாக அறுக்க வேண்டியது ஏழெட்டுச் சட்டம்தான்.

"ஆகுமுங்க," என்றார் அவர்.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாஸ்கல் பதில் போட்டிருக்கான், திங்கக்கெழமை கோயமுத்தூர் ஆளு வந்துருவான். அதுவரைக்கும் பாத்து ஓட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சாயந்திரம் வண்டியில் வீடு திரும்பும்போது மாரப்பன் கேலி எதுவும் பேசவில்லை. வழியில் அவள் நடந்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை ஆள் வருகிறதாம் என்றும் சொன்னாள். அவன் மாட்டின் வாலை விட்டுவிட்டு, சொன்னது நல்லதுதான் என்று மட்டும் சொன்னான்.

வியாழனும் வெள்ளியும் மெஷின் நிற்கவில்லை. மின்சாரம் போன நேரத்தில் மட்டும் அவள் உளியைத் தீட்டினாள். புதிதாக வருகிற சட்டத்துக்குச் செங்காவியைத் தலையில் வைக்க வேண்டாம், பலகை செருகுகிற உள்விளிம்பில் ஒரு கோடாகப் போடுங்கள், அங்கே ரம்பமும் இழைப்புளியும் கடைசியில்தான் வரும் என்று ரம்பக்காரர்களிடம் போய்ச் சொன்னாள். கோடில்லாத சட்டத்தை மேசையில் வைக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவர்கள் அவளை முறைத்துப் பார்த்தார்கள், பிறகு கோடு போட்டார்கள். இன்னும் மூன்றே நாள் நிற்கப் போகிறவள் இப்படிச் சட்டம் பேசுகிறாளே என்று மருதாத்தாளுக்கே ஆச்சரியம். மூன்று நாளானாலும் மெஷின் என் மெஷின் என்று நாச்சம்மாள் சொல்லவில்லை. ஆனால் அவள் கைப்பிடியை இழுத்த விதத்தில் அது இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்தது. மறையூர், உடுமலை வழியாக இறங்கி வந்த லாரி. தோட்டத்தின் மரவேலை மேஸ்திரி சுருளிவேல் கூட வந்திருந்தார். கம்பளிக் கோட்டோடு இறங்கியவர் சமவெளிச் சூட்டில் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அடுக்கி வைத்த கதவுகளைச் சுற்றி வந்தார். தேநீர் சொல்லட்டுமா என்று சென்னியப்பன் கேட்டதற்கு, முதலில் சரக்கு, பிறகு டீ என்று சொல்லிவிட்டார்.

நாலு கதவை இழுத்துப் போடச் சொன்னார். வாளியில் தண்ணீர் கேட்டார். ஈரக் கையால் நெட்டுச் சட்டங்களைத் தடவித் தடவி வரி பார்த்தார். சென்னியப்பனும் பொங்கியண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு போதாதென்று சுருளிவேல் அடுக்கின் அடியிலிருந்து இன்னும் ஆறு கதவை எடுக்கச் சொன்னார். அதையும் நனைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சவரத் தகடு ஒன்றை எடுத்து, கழுந்தும் துளையும் சேருகிற இடத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. வேறொரு மூலையில் பார்த்தார். அங்கேயும் நுழையவில்லை.

"போன வருசம் வேற எடத்துல செஞ்சு எறக்குனோம்யா," என்றார் சென்னியப்பனிடம். "மூணு கதவு தலைகீழு. எங்க சனங்க சும்மா விடுவாகளா? தூக்கி எறக்கும்போதே கண்டுபிடிச்சிட்டாக. கதவ மாத்துற வரைக்கும் பால் காய்ச்ச மாட்டோம்னு வெளிய உக்காந்துட்டாக, பிள்ள குட்டியோட. தொரைக்கு நாந்தான் பதில் சொன்னேன்."

நாச்சம்மாள் மெஷினடியில் இருந்தாள். மேசையில் அடுத்த வேலைக்கான சட்டம் ஒன்று பாதித் துளையோடு இருந்தது. காது முழுக்க வாசலில்.

"தொளை போட்டது யாரு?" என்று கேட்டார் சுருளிவேல். "அடுத்து ரெண்டு லைன் கட்டப் போறோம். அதுக்கும் கதவு இங்கதான். ஆனா இந்தக் கையிதான் போடணும். அவர ஒருக்கா கூப்புடுங்க."

சென்னியப்பன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அவருன்னு யாரும் இல்லீங்க. எங்க நாச்சம்மாதானுங்க. அடிநுனி பாத்ததும் அவதானுங்க."

சுருளிவேல் கொட்டகைக்குள் வந்தார். மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாச்சம்மாளுக்குக் கன்னம் இரண்டும் எரிந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாளே தவிர, இந்த முறை நகர்ந்து போகவில்லை.

"எந்த ஊர்ல தாயி தொழில் படிச்சீக?"

மருதாத்தாள் வழக்கம்போல முந்திக்கொண்டு, "இந்தத் தலையிலதானுங்க படிச்சா," என்று தன் சும்மாட்டைத் தட்டிக் காட்டினாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. சுருளிவேலும் சிரித்தார். ஆனால் போகும்போது, வளைந்து, அவள் பாதி போட்டிருந்த துளைக்குள் விரலை விட்டு நாலு மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லாரியில் கதவுகளை ஏற்றி முடித்ததும் சென்னியப்பன் பொங்கியண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஆசாரி, பாஸ்கலுக்கு ஒரு தந்தி அடிச்சுப் போடுங்க. திங்கக்கெழமை ஆளு வர வேண்டாம்னு. கார்டு போட்டா இனி அதுக்குள்ள போய்ச் சேராது."

பொங்கியண்ணன் பென்சிலைக் காதில் செருகினார்.

"பொதங்கெழமை சாயந்தரமே கார்டு போட்டுட்டனுங்க."

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்க பேர்லதானுங்க எழுதிப் போட்டேன்," என்றார் அவர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "கையெழுத்தும் உங்களுதாட்டவே வந்துருச்சு."

லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிடவே சென்னியப்பன் அந்தப் பக்கம் போய்விட்டார். நாச்சம்மாள் பொங்கியண்ணனை நேராகப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை, பூட்டுகிற கொட்டகைக்குப் போய்ப் பாதியில் நின்ற இழைப்பைத் தொடர்ந்தார். அவள் மோட்டாரைப் போட்டாள். பெல்ட் வேகம் பிடிக்கிற வரை காத்திருந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக் கீழே இழுத்தாள்.